கல்லும் கள்ளியும்: வேலிக் கணக்கில் விடுபடும் செலவு

(நீண்ட பதிவு. மொழியியல், வரலாறு, சட்ட வரலாறு பயிலும் நண்பர்களுக்காக.)

திருப்பதி, சித்தூர் நகரங்களின் புறத்தே புதிய மனைப்பிரிவுகள் பெருகிவருகின்றன. வீடு எழும்புவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மனையைச் சுற்றி வேலி எழும்பிவிடுகிறது. அவ்வேலிக்கு என்ன செலவாகும் என்று கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரே அமைப்பினது: சுற்றளவு இத்தனை அடி, அடிக்கு இவ்வளவு ரூபாய், இரண்டையும் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். கல்காலும் முள்கம்பியும், இரும்பு வலை, வார்ப்புப் பலகைச் சுவர் என்று பொருள் மாறும்போது விலை மட்டும் மாறும். கணக்கின் அமைப்பு மாறுவதில்லை.

இக்கணக்கில் ஒரு செலவு தொடர்ந்து விடுபட்டுப் போகிறது. எல்லை இதுதான் என்று அயலாரை ஒப்பவைக்கும் செலவு அது. இவ்வட்டாரத்தின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு காலத்தில் அதுவே முதன்மைச் செலவாக இருந்தது. வேலிப் பொருளுக்கோ ஏறத்தாழ விலையே இல்லை. பொருள் கடைச்சரக்காக ஆக ஆக, ஒப்புதலின் செலவு கணக்கிலிருந்து நழுவியது. நழுவிய செலவு மறைந்துவிடவில்லை. வேறு யார் தலையிலோ விழுந்தது. இதுவே இப்பதிவின் வாதம்.

1. சொற்கள் காட்டும் தடம்

‘வேலி’ திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான சொல். மலையாளத்தில் வேலி, கன்னடத்தில் பேலி, தெலுங்கில் வெலுகு. இன்றைய தெலுங்குப் பேச்சில் ‘கஞ்செ’ என்பதே மிகுதி. வீட்டின் சுற்றுச்சுவர் ‘பிரஹரி கோட’. தமிழ் பேசும் வீடுகளில் அதே சுவர் ‘காம்பவுண்டு’. இச்சொல் நமக்கு ஆங்கிலத்தின் வழியே வந்தது. ஆயினும் அதன் மூலம் ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல் என்பது அகராதியியலார் பலரின் கருத்து.

காவிரிச் சமவெளியில் ‘வேலி’ நில அளவாகவும் ஆயிற்று. இருபது மா கொண்டது ஒரு வேலி. இன்றைய அளவில் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். சுற்றி நிற்கும் அரணின் பெயர் உள்ளே அடைபட்ட பரப்புக்கு ஆகிவந்தது என்று கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான போக்கைத் திருப்பதியில் காணலாம். இங்கு மனை விலை பேசப்படுவது ‘அங்கணம்’ என்னும் அளவில். தெலுங்கில் அச்சொல் வீட்டின் இரண்டு தூண்களுக்கோ விட்டங்களுக்கோ இடைப்பட்ட வெளியைக் குறிக்கும். உள்ளிருக்கும் வெளியின் பெயர் மனையின் அளவாகியிருக்கிறது. திருப்பதியில் ஓர் அங்கணம் 36 சதுர அடி; நெல்லூரில் அதே சொல் 72 சதுர அடி. ஊர் மாறிக் கணக்கிடுவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

மனையை நாம் பரப்பால் வாங்குகிறோம். வேலியை நீளத்தால் வாங்குகிறோம். 60 அங்கணம், அதாவது 2160 சதுர அடி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 36 அடிக்கு 60 அடியாக இருந்தால் சுற்றளவு 192 அடி. அதே பரப்பு 24 அடிக்கு 90 அடியாக ஒடுங்கியிருந்தால் சுற்றளவு 228 அடி. பரப்பும் விலையும் ஒன்றே. வேலியோ 36 அடி, அதாவது ஏறத்தாழ 19 விழுக்காடு கூடுதல். வேலிச் செலவு மனையின் பரப்பை அன்றி அதன் வடிவத்தைச் சார்ந்தது என்பது முதற்பாடம். மனையின் வடிவமோ அயலாருடன் எங்கே கோடு கிழிக்கப்பட்டது என்பதைச் சார்ந்தது.

2. பிடி சூழ்ந்த எல்லை

திருவாலங்காட்டுச் செப்பேடுகளை வரலாற்று மாணவர் அறிவர். முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, 31 ஏடுகள் கொண்ட அந்த ஆவணம், பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததைப் பதிவுசெய்கிறது. திருவாலங்காடு இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் திருத்தணி வட்டம் அடங்கியிருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் எல்லை மாற்றச் சட்டத்தின்படி அப்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லையைப் பற்றிய இந்த ஆவணம் கிடைத்த ஊரே எல்லை மாறிய ஊர்.

பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் நிலக்கொடை வழங்கும் முறை ஏறத்தாழ நிலைபெற்ற வாய்பாடாகவே வருகிறது. அரசாணை நாட்டாரிடம் வந்து சேரும். அவர்கள் அதனைத் தலைமேல் வைத்து ஏற்பர். பின்னர் எல்லையை நடந்து காட்டுவர். சோழர் ஏடுகளில் இந்நடைக்கு முன்னே ஒரு பெண் யானை செல்லும். இதனைப் ‘பிடி சூழ்தல்’ என்பர். நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நடுவர். இறுதியில் நான்கெல்லையையும் விரித்து ஓலை எழுதிக் கையெழுத்திடுவர். எல்லை விவரம் மிக நுணுக்கமானது: இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்ன ஏரியின் கரைக்கு மேற்கு என்று அடியெடுத்து நடப்பதுபோலவே வாசகம் நகரும்.

இதனை ஒரு வேலியின் வரவுசெலவுக் கணக்காகப் படித்துப் பாருங்கள். கல் அவ்வட்டாரத்துப் பாறையில் கிடைத்தது. கள்ளிக்கு விதையும் வேண்டா. தண்டை ஒடித்து நட்டால் வேர்விடும், நீர் பாய்ச்ச வேண்டியதில்லை, பாலின் காரத்தால் ஆடுமாடு கடிப்பதில்லை. ஆகவே பொருட்செலவு மிகச் சிறிது. எஞ்சிய செலவெல்லாம் ஆட்களின் நேரத்துக்கு ஆனது: ஆணை கொண்டுவந்தவர், நாட்டார், யானை, யானைப்பாகர், ஓலை எழுதுபவர், அண்டை ஊரார். யானை செல்லும் வழியை ஊரே பார்க்கும். நாற்பது ஆண்டுகள் கழித்து வழக்கெழுந்தாலும், சிறுவயதில் அதைக் கண்ட ஒருவர் எஞ்சியிருப்பார். கல் இதுதான் எல்லை என்று காட்டியது. அதற்கு வலுவூட்டியது அந்தச் சாட்சி.

இதனைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. எல்லை நடந்தவர் நாட்டாரும் நிலமுடையோரும். நிலத்தில் உழைத்தோரிடம் ஒப்புதல் கேட்கப்பட்டதற்கு இந்த ஏடுகளில் இடமில்லை. அவர்களுடைய சேரிகள் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலிலோ எல்லைக்குறிகளாகவோ மட்டும் சோழர் காலக் கல்வெட்டுகளில் தலைகாட்டுகின்றன. ஒப்புதலுக்குச் செலவிட்ட சமூகம் யாருடைய ஒப்புதலுக்குச் செலவிட்டது என்ற வினாவும் உடன் எழ வேண்டும்.

3. வேலி இல்லையேல் யார் பொறுப்பு?

வேலிச் செலவை யார் ஏற்பது என்பது பழைய சட்ட வினா. மனு தர்ம சாத்திரத்தின் எட்டாம் அத்தியாயம் இதற்கு ஒரு விடை தருகிறது. ஊரைச் சுற்றி மேய்ச்சலுக்குப் பொதுநிலம் விட வேண்டும். அதையொட்டிய வேலியற்ற வயலில் கால்நடை மேய்ந்தால் மேய்ப்பவனுக்குத் தண்டனை இல்லை. வேலியின் உயரத்துக்கும் இலக்கணம் உண்டு: ஒட்டகம் எட்டிப் பார்க்க இயலாத உயரம், நாயோ பன்றியோ தலை நுழைக்க இயலாத அடைப்பு. பயிரைக் காக்கும் செலவு பயிரிட்டவனைச் சேர்ந்தது என்பது இதன் கருத்து.

1871இல் பிரித்தானிய இந்திய அரசு கால்நடை அத்துமீறல் சட்டத்தை இயற்றியபோது இந்த முறை தலைகீழாயிற்று. பயிரை மேயும் மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு ஓட்டிவிடலாம். தெலுங்கில் ‘பந்தெல தொட்டி’ எனப்படுவது இதுவே. மீட்க வருபவர் தீவனச் செலவோடு தண்டமும் கட்ட வேண்டும். யானைக்கு இரண்டு ரூபாய், எருமைக்கு எட்டணா, பசுவுக்கும் காளைக்கும் நாலணா, ஆட்டுக்கு ஓரணா என்று சட்டமே பட்டியலிட்டது. வயலுக்கு வேலி இருந்ததா என்ற கேள்வி இங்கே முன்னிற்கவில்லை. வேலியில்லாத வயலின் காவற்செலவு கால்நடை உடையவரின் தலைக்கு மாறியது. அவர்களுள் சொந்த நிலமற்ற மேய்ப்பரும் அடங்குவர்.

அதே 1871இல் அமெரிக்க வேளாண் துறை தன் நாட்டு வேலிகளையெல்லாம் கணக்கிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. மொத்த மதிப்பு ஏறத்தாழ 175 கோடி டாலர் என்று அது கூறியது. மரம் அரிதான புல்வெளிகளில் வேலிச் செலவு நிலத்தின் விலையையே விழுங்கியது. மூன்றாண்டு கழித்து, 1874இல், இலினாய்சைச் சேர்ந்த சோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் அரசு வேலியின் செலவை எண்ணத் தொடங்கிய ஆண்டிலேயே இன்னோர் அரசு அச்செலவை மேய்ப்பவர்பால் தள்ளியது என்பது ஒப்புநோக்கத் தக்கது.

4. இலவச வேலியின் விலை

கள்ளியைப் போலவே செலவின்றிக் கிடைத்த வேறு இரண்டு வேலிச் செடிகள் பின்னாளில் பெருஞ்செலவை இழுத்துவந்தன.

முதலாவது சப்பாத்திக்கள்ளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இச்செடியைத் தமிழர் ‘கள்ளி’ வரிசையில் சேர்த்துப் பெயரிட்டனர். தெலுங்கரும் அவ்வாறே, கள்ளியைக் குறிக்கும் ‘ஜெமுடு’ என்ற சொல்லோடு சேர்த்து ‘நாகஜெமுடு’ என்றனர். தாவரவியலில் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். மக்கள் வழக்கிலோ இரண்டும் ஒரே வகை. இரண்டுமே முள்ளுள்ள வேலிகள் என்பதே இப்பெயரீட்டின் தருக்கம் எனலாம். கம்பெனி ஆட்சி இச்செடியில் வளரும் சாயப்பூச்சியின்மேல் கண்வைத்தது. 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்கு வந்துசேர்ந்த பூச்சி விரும்பிய இனமாக அமையவில்லை. சாயம் தேறவில்லை, செடிதான் அழிந்தது. 1836 தொட்டு அப்பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொணர்ந்து சப்பாத்திக்கள்ளியின் ஓர் இனத்தை அழித்தனர். களையை அழிக்கப் பூச்சியைத் திட்டமிட்டுப் பயன்படுத்திய மிகப் பழைய நிகழ்வுகளுள் இது ஒன்று. எஞ்சிய மற்றோர் இனம் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடியது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி இனம் வந்த பின்னரே அதுவும் அடங்கியது.

இரண்டாவது சீமைக்கருவேலம். 1877இல், சித்தூரை அடுத்த கடப்பை மாவட்டத்தின் கமலாபுரத்தில் இதன் விதைகள் ஊன்றப்பட்டன. சென்னை மாகாண வனத்துறை விறகுக்காக இதனை நாடியது. இதற்குத் தமிழில் ‘வேலிகாத்தான்’, ‘வேலிக்கருவை’ என்ற பெயர்களும் உண்டு. தெலுங்கில் ‘சர்க்காரு தும்ம’, அதாவது அரசாங்கக் கருவேலம். தமிழ்ப்பெயர் அது எதற்குப் பயன்பட்டது என்பதையும், தெலுங்குப்பெயர் அதை யார் கொண்டுவந்தார் என்பதையும் காத்துவைத்திருக்கின்றன. ஒரு மரத்தின் வரலாற்றை இரு மொழிகள் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டிருப்பது வட்டார மொழியாய்வுக்கு நல்ல சான்று. வேலியாய் நின்ற மரம் ஏரிகளையும் ஆற்றுப்படுகைகளையும் நிரப்பியது. அதனை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் நிலை அண்மையில் உண்டாயிற்று. அகற்றும் செலவு அரசுக் கணக்கில் ஏறியது.

இன்றைய வடிவம் மின்வேலி. குப்பம், பலமனேர் பகுதிகளை உள்ளடக்கிய கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் 1990இல் அறிவிக்கப்பட்டது. நெடுங்காலம் யானையற்றிருந்த அக்காடுகளுக்கு 1980களில் தமிழக, கருநாடக எல்லைப்புறத்திலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. சூரிய ஒளியால் இயங்கும் முறையான வேலி நொடிப்பொழுது அதிர்ச்சி மட்டும் தரும். அதற்குக் கருவியும் பராமரிப்பும் வேண்டும். வீட்டு மின்கம்பியை நேரே வேலியில் இணைப்பது சட்டத்துக்குப் புறம்பானது, ஆனால் மலிவானது. அந்த மலிவின் விலையை யானைகளும், இருளில் வரப்பைக் கடக்கும் மனிதர்களும் உயிரால் கொடுத்திருக்கிறார்கள்.

5. அளவைக்கல்லும் அறிவிப்பும்

ஒப்புதலின் செலவை அரசு தன் கையில் எடுத்தது நில அளவையின் வழியே. சென்னை மாகாணத்தின் 1923ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டம் பிரிந்த பின்னும் இரு மாநிலங்களிலும் தொடர்ந்தது. யானைக்குப் பதிலாக இதில் அறிவிப்பு வருகிறது. அளவை முடிந்ததும் உரியவருக்கு அறிவிக்க வேண்டும். மறுப்புண்டானால் விசாரணை, அதன்மேல் மேல்முறையீடு, பின்னும் மனக்குறை இருந்தால் மூன்றாண்டுக்குள் உரிமையியல் வழக்கு. தம் நிலத்தின் அளவைக்கல்லைப் பேணுவது பதிவுபெற்ற நிலவுடைமையாளரின் கடமை. தவறினால் அதிகாரி அதைச் செய்து செலவை வசூலிக்கலாம்.

எல்லைக்கல் பேணப்படுவதற்குச் சட்டம் செலவு வகுத்திருக்கிறது; வேலிக்கு வகுக்கவில்லை. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரு மனைகளுக்கிடையே போதுமான வேலி எழுப்பும் செலவை அயலார் இருவரும் சமமாக ஏற்க வேண்டும். அதற்கு முன்னறிவிப்புக் கொடுக்கும் முறையும் உண்டு. நம்மிடம் அதற்கு நிகரான பொது விதி இல்லை. யார் முதலில் வேலியிடுகிறாரோ அவர் முழுச்செலவையும் ஏற்கிறார். கோட்டையும் அவரே முடிவுசெய்யும் ஆசை அங்கே பிறக்கிறது. அரை அடி தகராறுகள் பலவற்றின் ஊற்று இதுவே.

ஆந்திர அரசு 2020 டிசம்பர் 21 அன்று மாநிலம் தழுவிய மறு அளவையைத் தொடங்கியது. ஆளில்லா விமானங்களும் செயற்கைக்கோள் வழி நிலையறி கருவிகளும் பயன்பட்டன. புதிய எல்லைக்கற்களை அரசே தன் செலவில் நட்டது. 2024இல் ஆட்சி மாறியபோது அக்கற்களில் பொறித்திருந்த பெயரை நீக்குவது அரசியல் விவாதமாயிற்று. கல்லில் யார் பெயர் இருக்க வேண்டும் என்ற விவாதத்தின் நடுவே, அக்கல் நடும்போது அருகில் யார் நின்றார் என்ற கேள்வி கேட்கப்படவில்லை. ஆயத்தொலைவுகள் துல்லியமானவை, அவற்றை அயலார் ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு செய்தி.

6. கணக்கை மறுபடி எழுதினால்

மேற்கண்ட வரலாற்றைக் கொண்டு, முன்பு சொன்ன 36க்கு 60 மனையின் வேலிக் கணக்கை வரிசை மாற்றி எழுதலாம்.

முதல் இனம், எல்லை உறுதி: புல எண்ணுக்குரிய அளவைப் படம், பத்திரத்திலுள்ள நான்கெல்லை விவரம், உரிமம் பெற்ற அளவையரின் கட்டணம். தெலுங்குப் பத்திரங்களில் இந்நான்கெல்லைப் பகுதி ‘செக்குபந்தி’ எனப்படும்.

இரண்டாவது, அயலார் முன்னிலை: அளக்கும் நாளை முன்கூட்டி அறிவித்தல், அவர்கள் உடனிருக்கையில் அளத்தல், வரைபடத்தில் எல்லாரும் கையெழுத்திடுதல். இதன் செலவு ஒரு நாளும் சில தேநீர்க் குவளைகளும்.

மூன்றாவதுதான் பொருள். வாயிலுக்குப் பத்து அடி போக 182 அடி எஞ்சும். எட்டு அடிக்கு ஒன்று என்றால் குறைந்தது 24 கல்கால்கள். மூலைகளுக்கு முட்டுக்கால்கள் தனி. நான்கு வரி முள்கம்பி என்றால் 728 அடி, கட்டுக்கும் தொய்வுக்கும் சிறிது கூடுதல். 24க்கு 90 மனையானால் இதே கணக்கு 29 கால்களாகவும் 872 அடியாகவும் உயரும். குழி தோண்டும் கூலி மண்ணைப் பொறுத்தது. பாறை தட்டும் சித்தூர்ப் பகுதியில் இக்கூலியைத் தனி இனமாக எழுதுவது நன்று.

நான்காவது, வழிகள்: மழைநீர் வடியும் திசை, பிறர் நடந்துவரும் பாதை, ஆடுமாடு செல்லும் தடம். இவற்றை அடைத்தபின் திறப்பது வேலியைவிடச் செலவாகும்.

ஐந்தாவது, ஆண்டுதோறும் பராமரிப்பு. உயிர்வேலியானால் அது எல்லை தாண்டாமல் வெட்டும் கூலியும் இதில் அடங்கும்.

மலிவு விலை பேசும் ஒப்பந்தக்காரரின் தாளில் மூன்றாவது இனம் மட்டுமே இருக்கும். முதலிரண்டையும் விட்டுவிட்டு மிச்சம்பிடித்த தொகை, வழக்காக மாறும்போது பன்மடங்காகத் திரும்புகிறது. நான்காவதை விட்டால் அது அயலாரின் தேங்கிய நீராகவோ மேய்ப்பவரின் சுற்றுவழியாகவோ மாறுகிறது.

இரு மாநிலங்களின் எல்லைப்புறத்தில் வாழும் குடும்பங்களில் ஐம்பது, அறுபது ஆண்டுப் பழமையான பத்திரங்கள் தமிழிலும் தெலுங்கிலும் கலந்து கிடைக்கின்றன. அவற்றின் எல்லைப் பகுதியில் கள்ளி, புளியமரம், வண்டிப்பாதை, கிணற்றுமேடு போன்ற சொற்கள் இருக்கும். மறு அளவைக்குப் பின் எழுதப்படும் பத்திரங்களில் இவை எண்களுக்கு இடம்விட்டு மறைந்துவிடும். இவ்வட்டாரத்தில் களப்பணி செய்யும் மாணவர்கள் அச்சொற்களை, உரிமையாளரின் இசைவுடன், பெயர் விவரங்களை நீக்கிப் படியெடுத்து வைத்தால் மொழியியலுக்கும் நில வரலாற்றுக்கும் ஒருசேரப் பயன்படும். உங்கள் ஊரில் எல்லையைக் குறிக்க வழங்கும் சொற்களையும், வேலிக்கு நடும் செடியின் வட்டாரப் பெயரையும் இப்பதிவின் கீழ் எழுதுங்கள். ஊர்ப்பெயரையும் மறவாமல் சேர்த்து எழுதுங்கள்.